வாடகையை வாங்காதே, அக்கா

துலூஸ்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள க்ளெமான்ஸ் அக்காவுக்கு,

தம்பி மாக்சிம் எழுதுவது. இன்று மாதா திருநாள். பூசைக்குப் போய் வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இங்கே சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

போன மாதம் போனில் பேச்சு வளர்ந்து நீ பாதியில் வைத்துவிட்டாய். வீட்டு விஷயத்தை வாயால் பேசாதீர்கள், காகிதத்தில் பேசுங்கள் என்று அப்பா சொல்வாரே, அது சரிதான். அதனால் எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் என் ரெஜிமானில் இருந்த ஜோர்தான் ஒரு யோசனை சொல்கிறான். அப்பா எனக்கு எழுதி வைத்த வீடு கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். சுவரை இழைத்து மஞ்சள் அடித்து, நான்கு அறையாக்கி, டூரிஸ்டுகளுக்கு விடலாம். பணம் அவன் போடுகிறான். வீடு காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்னக்கிளி குடும்பத்தைக் கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யச் சொல். பதினாலு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டார்கள். வாடகைப் பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது, அதனால் தொல்லையும் இல்லை.

மகள் சபினுக்கு வேலை போய்விட்டது. மூன்று மாத வாடகை நிற்கிறது. ஆனாலும் அவள் பயப்படவில்லை. இங்கே நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசிவரை, குளிர்காலம் முழுக்க, யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. மற்ற மாதங்களிலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் கதவைத் தொடக்கூட முடியாது. மனிதனை மதிக்கிற சட்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
மாக்சிம்


முத்தியால்பேட்டை, புதுச்சேரி,
26 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி மாக்சிமுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி நலம். சபினுக்கு வேலை போனது வருத்தமாக இருக்கிறது. அவளை யாரும் வெளியே தள்ள முடியாது என்று படித்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவளுக்கு என் முத்தம்.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். நீ கடைசியாக வந்தபோது பின்கட்டு ஒழுகியதே, இப்போது ஒழுகவில்லை. அன்னக்கிளியின் புருஷன் செல்வகுமார் கொத்துவேலை செய்கிறவர் என்பது உனக்குத் தெரியும். இரண்டு மழைக்கு முன்னால் அவரே தளத்தைக் கொத்திப் புதிதாகப் போட்டிருக்கிறார். உன்னிடம் ஒரு காசு கேட்கவில்லை. அன்னக்கிளி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விற்பனைக்கு மீன் ஏலம் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். பொண்ணு கவிநிலா பன்னிரண்டாம் வகுப்பு. கூடத்தில் தரையெல்லாம் புத்தகத்தைப் பரப்பி வைத்திருந்தாள்.

நீ சொன்னதை இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். பத்திரம் இல்லை என்பது அவளுக்குத்தானே இல்லை? உனக்கு மட்டும் இருக்கிறதா? பதினாலு வருஷமாக ஐந்தாம் தேதி வாடகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள். ஒரு ரசீது நான் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. நம் வீட்டு வழக்கமே அப்படி இருந்துவிட்டது.

இங்கே எங்கள் தெருவில் தண்ணீர் கொஞ்சம் தகராறு. இரண்டு குடம் அடுத்த வீட்டிலிருந்து தூக்குகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார், இதுவும் நடைதான்.

அக்கா,
க்ளெமான்ஸ்


துலூஸ்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குடம் தூக்காதே. ஆள் வைத்துக்கொள். உன் வீட்டுச் சொந்தக்காரர் சக்கரபாணியிடம் சொன்னால் சரி செய்து தரமாட்டாரா? இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டில் குடியிருக்கிறாய், அந்த மரியாதை இருக்காதா?

ஜோர்தான் ஒரு வழி சொன்னான். ஊரில் எல்லோரும் செய்வதுதானாம். அடுத்த மாதம் அன்னக்கிளி வாடகை கொண்டுவந்தால் நீ வாங்காதே. அப்புறம் தா என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடு. இப்படி மூன்று மாதம் போகட்டும். அப்புறம் வாடகை பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் விடலாம். கொடுத்தேன், வாங்கவில்லை என்று அவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்? அப்படியும் அசையவில்லை என்றால் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி நிறுத்திவிடு. தானாகப் போய்விடுவார்கள். யாரையும் திட்டவோ அடிக்கவோ வேண்டியதில்லை.

நான் கெட்டவன் இல்லை அக்கா. அரியாங்குப்பத்தில் இதே வாடகைக்கு நல்ல வீடுகள் கிடைக்கும்.

உன் தம்பி,
மாக்சிம்


முத்தியால்பேட்டை,
9 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா இருவருக்கும் பூ வைத்தேன், உன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. நான் நலம்.

ஐந்தாம் தேதி அன்னக்கிளி வந்தாள். நான் வாடகையை வாங்கிக்கொண்டேன். ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா மதாம் இது, புதுசா?"

"இனிமே மாசாமாசம் குடுப்பேன். பத்திரமா வெச்சிக்க."

"உங்க தம்பி முசே எதுனா சொன்னாரா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் முட்டாள் இல்லை. ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, சங்கரா மீனை நறுக்கித் தரவா என்று கேட்டாள். இன்று வேண்டாம் என்றேன். அவளைக் காலி செய்யச் சொன்ன உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் கையால் மீன் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மோட்டார் நன்றாக ஓடுகிறது. அதை யாரும் தொட மாட்டார்கள்.

ஓர் அலுவலகத்துக்கு அடிக்கடி அலைய வேண்டியிருக்கிறது. அதனால்தான் பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா,
க்ளெமான்ஸ்


துலூஸ்,
28 நவம்பர் 2024

அக்காவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு என் உடம்புதான் நலமாக இல்லை.

நான் ஒன்று சொன்னால் நீ நேர் எதிராகச் செய்கிறாய். ரசீது கொடுத்தாயாமே. யார் கேட்டார்கள்? ஜோர்தான் தலையில் அடித்துக்கொண்டான். உனக்கு என்ன அதிகாரம் என்று அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்தில்தான் நீ இப்படி மென்று விழுங்குகிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் குறையையும் தீர்த்துவிடுகிறேன். பாரீஸுக்குப் போய் இந்தியத் தூதரகத்தில் உன் பேருக்கு ஒரு புரொக்கூரசியோன், அதாவது பவர் பத்திரம், போட்டு முத்திரை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொதுப் பவர். வீட்டைப் பராமரிக்க, வாடகைக்கு விட, வாடகை வசூலிக்க, ஒப்பந்தம் எழுத, காலி செய்ய வைக்க, வழக்குப் போட, எல்லா அதிகாரமும் உனக்கு. விற்பது மட்டும் கிடையாது. நம் குடும்பங்களில் எல்லோரும் இப்படித்தான் அக்கா தங்கைக்குப் பவர் கொடுத்துவிட்டு இங்கே நிம்மதியாக இருக்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து முத்திரைக் கட்டணம் கட்டிவிடு.

இனி நீ என் அக்கா மட்டுமில்லை, என் கை. காரியத்தை முடி.

மாக்சிம்


முத்தியால்பேட்டை,
7 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். கிறிஸ்துமஸ் நன்றாகப் போனது. ஜிசேல் பாரீஸிலிருந்து வந்து என்னோடு இரண்டு நாள் தங்கினாள். சித்தப்பா மகளாக இருந்தாலும் கூடப் பிறந்தவள் மாதிரி. பாவம், அவளும் குடம் தூக்கினாள்.

பவர் கிடைத்தது. கட்டணம் கட்டிப் பதிந்துவிட்டேன். வக்கீல் சிவசங்கரியிடம் காட்டினேன். இலவசச் சட்ட உதவிக்கு உட்காருகிற பெண், வயது முப்பதுகூட இருக்காது, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள்.

காரியத்தை ஆரம்பித்திருக்கிறேன்.

அக்கா,
க்ளெமான்ஸ்


துலூஸ்,
29 ஜனவரி 2025

என் அருமை அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜிசேல் திரும்பி வந்ததும் போன் செய்தாள். எல்லாம் சொன்னாள்.

ஜூலையிலேயே சக்கரபாணி உன்னைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். உன் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அறுத்தே விட்டார்களாம். தெருவில் தகராறு என்று எழுதினாயே! அலுவலகம் என்றாயே, அது வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகமாம். அங்கே மாடிப்படியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாயாம். அறுபத்தொரு வயதில் இது உனக்குத் தேவையா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இரண்டு நாள் யோசித்தேன். ஜோர்தானிடமும் பேசிவிட்டேன். மாடி அறையும் பின்கட்டும் உனக்கு. வாடகை கிடையாது. உயிருள்ளவரை உன்னை யாரும் அசைக்க முடியாது, எழுதியே தருகிறேன். மற்ற மூன்று அறைகளை டூரிஸ்டுக்கு விடலாம், நீ மேற்பார்வை பார்த்தால் போதும். அப்பா வீட்டை எனக்கு மட்டும் எழுதியது சரியில்லை என்று எனக்கும் மனதில் இருக்கிறது அக்கா. சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்னக்கிளி போனால் நீ வரலாம். பிப்ரவரிக்குள் முடித்துவிடு. அந்தச் சக்கரபாணி முகத்தில் சாவியை எறிந்துவிட்டு வா.

உன் அன்புத் தம்பி,
மாக்சிம்


முத்தியால்பேட்டை,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மாக்சிம்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அப்பா செய்தது சரியில்லை என்று நீ எழுதிய இடத்தில் அழுதுவிட்டேன். அந்த ஒரு வரிக்காக முப்பது வருஷம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். போன அக்டோபரில் உன் கடிதம் வந்த அன்று, சக்கரபாணிக்கு நான் அனுப்பிய மணியார்டரும் வாங்க மறுத்தார் என்று திரும்பி வந்தது. இரண்டையும் ஒரே தபால்காரர் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆகஸ்டிலிருந்து அவர் என் வாடகையை வாங்கவில்லை. அப்புறம் தாங்க மேடம் என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியவில்லை. உன் கடிதத்தைப் பிரித்தேன். வாடகையை வாங்காதே, பாக்கி என்று நோட்டீஸ் விடலாம், தண்ணீரை நிறுத்து என்று வரிசையாக எழுதியிருந்தாய். எனக்கு நடந்துகொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உன் கையெழுத்தில் வந்தது. அதைப் படித்த பிறகு உன்னிடம் போய் நான் என்னவென்று அழுவது?

நீ கற்றுக்கொடுத்ததும் நல்லதாகப் போயிற்று. மறுநாளே சிவசங்கரியைத் தேடிப் போனேன். வாடகை வாங்க மறுத்தால் அதை அதிகாரியிடம் கட்டலாம், உத்தரவு இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது, தண்ணீரை நிறுத்தினால் திரும்பக் கொடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று சொன்னாள். இத்தனை வருஷமாக இந்தச் சட்டம் இங்கேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சட்டம் பிரான்சில் மட்டும் இருக்கிறது என்று உன்னைப் போலவே நானும் நினைத்திருந்தேன்.

இப்போது அன்னக்கிளி விஷயம். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. மாடி அறை ஜன்னலைத் திறந்தால் காற்று எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். கட்டிலை எங்கே போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கொட்டியது. மூடவே மனம் வரவில்லை.

கீழே வந்ததும் அன்னக்கிளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"மதாம், காலி பண்ணச் சொல்லத்தான் வந்துருக்கீங்கன்னு தெரியும். கிறிஸ்துமஸ்லேர்ந்து எதிர்பாத்துனுதான் கீறேன். பொண்ணுக்கு மார்ச்சுல பரிட்ச. அது முடியட்டும், நானே சாவியக் கொண்டாந்து உங்க கையில குடுத்துடறேன். சண்ட போட எங்களுக்கு நேரமில்ல."

"எங்க போவ?"

"பாக்கணும். மீன்காரின்னு சொன்னா நாத்தம்னுட்டு வூடு தர மாட்றாங்க. அஞ்சு வூடு பாத்துட்டேன்."

"செல்வகுமார் போட்ட தளம்?"

"அத இன்னா பேத்தா எடுத்துனு போவ முடியும்?" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

ஜூலையில் சக்கரபாணியிடம் நானும் இதையேதான் பேசினேன் மாக்சிம். மழைக்காலம் போகட்டும், நானே போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சுகிறவளைப் பார்த்து அவருக்கு இரக்கம் வரவில்லை, தைரியம்தான் வந்தது. அடுத்த வாரம் குழாயை அறுத்தார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அன்னக்கிளியிடம் மார்ச் வரைக்கும் இரு என்று பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தால், நானும் அவரும் ஒன்று. எனக்கு ஒரு கூரை வேண்டும் என்பதற்காக அவள் கூரையைப் பிடுங்க முடியாது. சபினுக்கு ஒரு நியாயம், அன்னக்கிளிக்கு ஒரு நியாயம் என்று உன்னால் எழுத முடிகிறது. என்னால் வாழ முடியவில்லை.

அதனால் செய்ததைச் சொல்கிறேன். நீ கொடுத்த பவரில் வாடகைக்கு விட, ஒப்பந்தம் எழுத என்று இருந்தது. பதினேழாம் தேதி அன்னக்கிளியையும் செல்வகுமாரையும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்து வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம். வருஷா வருஷம் வாடகை ஏறும், உனக்கு நஷ்டமில்லை. பழுது பார்ப்பது நம் பொறுப்பு. நடுவில் காலி செய்யச் சொல்வதாக இருந்தால் சட்டப்படி காரணமும் உத்தரவும் வேண்டும். நான் உனக்காகக் கையெழுத்துப் போட்டேன். அன்னக்கிளிக்குக் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் ஆயிற்று. எழுத்தெழுத்தாக எழுதினாள். செல்வகுமார் வெளியே வந்து, "ஒழுகுன தளத்தத் தவுர எதையும் தொடல, பதினாலு வருசமா ஆணி அடிக்கக்கூட பயந்தோம் மதாம்" என்றார். ஆணி அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நீ ஒரு காரியத்துக்குக் கொடுத்த பவரை நான் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். அது துரோகம்தான். மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் வருத்தப்படவில்லை. பவரை நீ ரத்து செய்யலாம். செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்வேன். பதிந்த ஒப்பந்தம் நிற்கும் என்று சிவசங்கரி சொல்கிறாள்.

ஒப்பந்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். குளிரில் வெளியே அலையாதே.

அக்கா,
க்ளெமான்ஸ்


துலூஸ்,
2 மே 2025

க்ளெமான்ஸ் அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். பவரை ரத்து செய்துவிட்டேன், காகிதம் பதிவுத் தபாலில் வரும். வாடகையை இனி அன்னக்கிளி என் பாங்க் கணக்கில் நேராகக் கட்டட்டும். ஜோர்தான் வேறு வீடு பார்த்துக்கொண்டான். வழக்குப் போடு, உன் அக்கா உன்னை ஏமாற்றிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். யார் மேல் போடுவது?

எனக்குக் கோபம் ஒப்பந்தத்தின் மேல் இல்லை. நான் உனக்கு ஒரு வீடு கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்கு ஒன்று கொடுத்தேன். நீ அதை எடுத்து ஒரு மீன்காரிக்குக் கொடுத்துவிட்டாய். சக்கரபாணி உன்னை வெளியே தள்ளினால் இனி எங்கே போவாய்? அதை யோசித்தாயா?

மாக்சிம்


முத்தியால்பேட்டை,
11 ஜூன் 2025

அன்புத் தம்பி மாக்சிமுக்கு,

உன் தைலம் வந்தது. காலையும் மாலையும் தேய்க்கிறேன், வலி குறைந்திருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி நலம். உனக்கு ரத்த அழுத்தம் எப்படி? கோபத்தில் உப்பு அதிகம் போட்டுக்கொள்வாய், அதைக் குறை.

நீ கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்று நினைக்காதே. வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரி என்னிடம்தான் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

போன மாதம் என் மனு விசாரணைக்கு வந்தது. குழாய் தானாக உடைந்துவிட்டது என்று சக்கரபாணியின் வக்கீல் சொன்னார். எங்கள் தெருவில் பார்த்தவர்கள் நான்கு பேர் இருந்தும் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களும் வாடகைக்குத்தானே இருக்கிறார்கள், நாளைக்குத் தங்களுக்கும் அதே நிலை என்ற பயம். வந்தது அன்னக்கிளிதான். குழாயை அறுத்த அன்று அவள் எங்கள் தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே தெரியாது. நான் கூப்பிடவில்லை, தானாகக் கேள்விப்பட்டு, கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"பைப்ப அறுத்தவங்கள நான் பாத்தேங்க. மீன் அறுத்துனு இருந்தேன், சத்தம் கேட்டு நிமுந்தேன். இவரு பக்கத்துலதான் நின்னுனு இருந்தாரு" என்று சக்கரபாணியைக் காட்டினாள்.

உனக்கும் இவருக்கும் என்ன விரோதம் என்று வக்கீல் மடக்கினார். "விரோதமா? வாரா வாரம் என்னாண்டதான் வவ்வா மீன் வாங்குவாரு. இனிமே வாங்க மாட்டாரு, எனக்குத்தான் நஷ்டம்" என்றாள். அதிகாரிகூடக் குனிந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணி அடிக்கப் பயந்த பெண், சபையில் விரலை நீட்டி நிற்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளுக்குள் தண்ணீர் இணைப்பைத் திருப்பித் தர வேண்டும், முறைப்படி உத்தரவு வாங்காமல் என்னை வெளியேற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நேற்று குழாய் மாட்டினார்கள். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. எதிர்வீட்டு ஆயம்மா வந்து, அந்த மனுவை எப்படி எழுத வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறதாம். நாளைக்குக் காலை சிவசங்கரியிடம் அழைத்துப் போகிறேன்.

இடிப்பதற்கு அனுமதி கேட்டு சக்கரபாணி வேறு வழக்குப் போட்டிருக்கிறார். அது வருஷக் கணக்கில் போகலாம், நான் தோற்கவும் தோற்கலாம். இனி எங்கே போவாய் என்று கேட்டிருந்தாய்.

நான் எங்கும் போகவில்லை, மாக்சிம். பதிலை இதே முகவரிக்கு எழுது.

அக்கா,
க்ளெமான்ஸ்